காயிலோவருக்கு முன், பின்பக்க ஆன்டி-ரோல் பார்

வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் வெளியே தள்ளும் முன்சக்கர ஓட்டக் காரா? காயிலோவருக்கு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதி) செலவழிக்கும் முன், பின்பக்க ஆன்டி-ரோல் பாரை (கார் சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் தண்டு) மட்டும் சற்றுத் தடிமனானதாக மாற்றுங்கள். திடமான தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்: 20 மி.மீ.யிலிருந்து 22 மி.மீ. போனாலே ஏறத்தாழ 46% கூடுதல். வளைவில் எடைமாற்றத்தின் கூடுதல் பங்கைப் பின் அச்சு ஏற்பதால் முன் டயர்களுக்குப் பிடி மிஞ்சுகிறது. ஸ்பிரிங் மாறாததால், இரு சக்கரமும் சேர்ந்தேறும் ஹம்ப்பில் சொகுசும் குறையாது.

பாரின் முனையில், இணைப்பைப் பொருத்தப் பல துளைகள் இருந்தால் நுனித் துளையில் தொடங்குங்கள், அதுதான் மென்மையானது. பாரைத் தாங்கும் பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு அதற்கேற்ற கிரீஸ் தடவாவிட்டால் கீச்சிடும்.

ஏற்கெனவே பின்பக்கம் வழுக்கும் காருக்கோ பின் டயர் தேய்ந்த காருக்கோ இது வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் கொட்டும் மழையில் வால் சுழன்றுவிடும். பொருத்துமுன் நிலப் போக்குவரத்து ஆணைய விதிகளையும் பாருங்கள்.