‘ரவுண்ட் மிட்நைட்’ படத்தை ஊர் மண்டபத்தில் திரையிடுவது எப்படி?

ஒரு ஜாஸ் இசைக் கலைஞரைப் பற்றி பிரெஞ்சு இயக்குநர் பெர்ட்ராண்ட் டவர்னியே எடுத்த இந்த 1986ஆம் ஆண்டுப் படத்தை நாகர்கோவிலிலோ தக்கலையிலோ ஒரு மண்டபத்தில் திரையிட நினைப்பவர்கள், உரிய அனுமதியைப் பெற்ற கையோடு ஒலியமைப்பைக் கவனிக்க வேண்டும். படத்தின் இசை பெரும்பாலும் படப்பிடிப்பின்போதே நேரடியாகப் பதிவானது; சாக்ஸபோன் வாசிப்பவரின் மூச்சுகூடக் காதில் விழ வேண்டும்.

ஆகவே புரொஜெக்டரில் உள்ள சிறு ஒலிபெருக்கியை நம்பாமல், தனி ஒலிபெருக்கிகளை அமர்ந்திருப்போரின் காது உயரத்தில் வையுங்கள். கடைசி வரிசை பெஞ்சில் அமர்ந்து, முதல் இசைக் கிளப் காட்சியில் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தாழ்ந்த நாதம் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியை நிறுத்திவிட்டு மீண்டும் கேளுங்கள். நம் மாவட்டத்துக்கு இரு பருவமழையும் உண்டு என்பதால், தகரக்கூரை மண்டபமானால் ஜூனையும் அக்டோபர், நவம்பரையும் தவிர்ப்பது நல்லது.

அறிமுகவுரைக்கு ஐந்து நிமிடம் போதும். கதை பெரும்பாலும் 1959ஆம் ஆண்டுப் பாரிஸில் நடக்கிறது. குடியோடு போராடும் அமெரிக்கக் கலைஞரை ஒரு பிரெஞ்சு ரசிகர் தாங்கிப் பிடிக்கிறார். அக்கலைஞராக நடித்த டெக்ஸ்டர் கார்டன், தாமே ஐரோப்பாவில் பல்லாண்டுகள் வாழ்ந்த சாக்ஸபோன் கலைஞர் என்பதை மறவாமல் சொல்லுங்கள். அயல்நாட்டுத் தனிமை என்னவென்று மட்டும் இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் நிறைந்த ஊர் இது.