28 டிகிரி கடலிலும் நடுங்குகிறதா? மெல்லிய குளிர்காப்பு உடையைத் தேர்ந்தெடுக்கும் முறை

வெதுவெதுப்பான கடல்தானே, ஒரு ரேஷ்கார்ட் (உடம்போடு ஒட்டும் மெல்லிய நீச்சல் மேலாடை) போதும் என்று ஸ்கூபா டைவிங்குக்கு இறங்குபவர்களுக்கு முதல் டைவ் பெரும்பாலும் சுகமாகவே போய்விடும். நடுக்கம் வருவது அன்றைய மூன்றாவது டைவில்தான். காற்றைவிட நீர் 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். வெற்றுடம்போடு அசையாமல் இருப்பவருக்குக் குளிராமல் இருக்க வேண்டுமென்றால் நீரே 33, 34 டிகிரி வரை இருக்க வேண்டும். 28 டிகிரி கடல் உடம்புச் சூட்டை மெதுவாக உருவிக்கொண்டே இருக்கும். இரண்டு டைவுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வில் இழந்தது முழுதாகத் திரும்புவதில்லை. அதனால் நாளின் கடைசி டைவில், கடைசிப் பத்து நிமிடம் எப்படி இருக்கும் என்பதை வைத்து உடையைத் தேர்ந்தெடுங்கள்.

படி 1: அடியில் என்ன வெப்பநிலை?

இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் மேற்பரப்பு வெப்பநிலை. கீழே தெர்மோக்ளைன் (வெப்பநிலை சட்டென்று மாறும் நீரடுக்கு) இருந்தால் சில மீட்டருக்குள் பல டிகிரி இறங்கிவிடும். அதே இடத்தில் அதே பருவத்தில் இறங்கிய யாராவது கிடைத்தால், அவருடைய டைவ் கம்ப்யூட்டரில் (ஆழமும் நேரமும் பார்த்து மேலேறும் கணக்கைப் போடும் கைக்கருவி) பதிவான குறைந்தபட்ச வெப்பநிலையைக் கேட்டு வாங்குங்கள்.

படி 2: துணி

லைக்ரா, அதாவது ரேஷ்கார்ட் தைக்கும் மெல்லிய நீளும் துணி, சூடு தராது. வெயில், ஜெல்லி மீன், ஹைட்ராய்டு (பட்டால் தோல் எரியும் செடிபோன்ற கடலுயிரி) உரசல், இவற்றுக்குத்தான் அது. அதன் மேலே வெட்சூட்டை, அதாவது நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் தைத்த உடையை, எளிதாக இழுத்துப் போடவும் உதவும்.

நியோப்ரீனின் கதகதப்பு அதற்குள் இருக்கும் வாயுக் குமிழ்களில் இருக்கிறது. 10 மீட்டரில் அழுத்தம் இரு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. குமிழ்கள் சுருங்க, சூடும் மிதப்பும் சேர்ந்தே குறையும். மேலே 3 மி.மீ. இருப்பது கீழே 3 மி.மீ. இல்லை.

மூன்றாவது வகை, உள்பக்கம் ஃப்ளீஸ் (மெத்தென்ற ரோமத் துணி) வைத்த, நடுவில் காற்றுப் புகாத படலம் உள்ள, இழுத்தால் நீளும் துணி. ஷார்க்ஸ்கின், லாவாகோர், ஃபோர்த் எலிமென்ட் நிறுவனத்தின் 'தெர்மோக்ளைன்' என்ற உடை எல்லாம் இந்த வகை. ஆழத்தில் சுருங்காது, மிதப்பும் கிட்டத்தட்ட இல்லை. பையில் சுருட்டி வைக்கலாம், சீக்கிரம் காயும். படகில் காற்றடிக்கும்போது ஈர நியோப்ரீனைவிட இது எவ்வளவோ மேல்.

என் கணக்கு இது: 29 டிகிரிக்கு மேல் லைக்ராவே போதும். 27 முதல் 29 வரை முழுநீள ஃப்ளீஸ் உடை, அல்லது 3 மி.மீ. வெட்சூட். 25, 26 என்றால் 3 மி.மீ. உடைக்குள் ஹூட் (தலையை மூடும் தொப்பி) வைத்த கையில்லாத ஒரு வெஸ்ட். எளிதில் குளிரும் உடம்பென்றால் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். 5 மி.மீ. உடை வாங்குவதைவிட ஹூட் வெஸ்ட் வாங்குவதே எனக்குப் பிடிக்கும், வேண்டாதபோது கழற்றி வைத்துவிடலாமே. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்பது கட்டுக்கதை. ஆனால் குளிரில் கைகால் ரத்தக்குழாய்கள் சுருங்குவதுபோலத் தலைத்தோலில் உள்ளவை சுருங்குவதில்லை, அதனால் தலையை மூடினால் பலன் தெரியும்.

படி 3: பிடிப்பு

இடுப்பின் பின்பக்கம், அக்குள், கழுத்து. இந்த மூன்று இடத்திலும் துணி தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவிலும் புது நீர் புகுந்து வெளியேறும், விலையுயர்ந்த உடையும் வீண். கழுத்து மட்டும் அளவோடு. அங்கே அதிகம் இறுக்கினால் கழுத்துத் தமனி அழுந்தித் தலைசுற்றல் வரும்.

படி 4: எடையை மறுபடி பாருங்கள்

பலர் இடறுவது இங்கேதான், நானும் விலக்கில்லை. நியோப்ரீனிலிருந்து ஃப்ளீஸுக்கு மாறினால், அமிழ்வதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடை குறைய வேண்டும். நியோப்ரீன் வெஸ்ட் சேர்த்தால் கூட வேண்டும். எவ்வளவு என்று கடையில் யாரும் சொல்ல முடியாது.

முதலில் உடையை நன்றாக நனையுங்கள். காய்ந்த உடைக்குள், அதிலும் புது ஃப்ளீஸுக்குள், காற்று நிறைய தங்கியிருக்கும். கழுத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, உடம்பைத் தேய்த்து, குமிழ்கள் வெளியேறும்வரை சில நிமிடம் நீரில் இருங்கள். இதைச் செய்யாமல் சோதித்தால் தேவையில்லாத ஒன்றிரண்டு கிலோவைக் கட்டிக்கொள்வீர்கள், பத்து நிமிடத்தில் அந்தக் காற்று போனதும் கல்லாட்டம் இறங்குவீர்கள்.

அப்புறம், செங்குத்தாக நின்று, பிசிடியை (காற்று ஊதி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் மேலங்கி) முழுதாகக் காலி செய்து, இயல்பான மூச்சைப் பிடியுங்கள். நீர்மட்டம் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும்; மூச்சை விட்டால் மெதுவாக அமிழ வேண்டும். இதை டைவ் முடிவில், சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பார் இருக்கும்போது செய்வதே சரி. நிறைந்த 'அலுமினியம் 80' என்ற வழக்கமான அளவு சிலிண்டருக்குள் காற்று மட்டுமே ஏறக்குறைய இரண்டரை கிலோ. முடிவில் அதில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். தொடக்கத்தில்தான் சோதிக்க முடியும் என்றால் சுமார் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் 5 மீட்டரில், காலி பிசிடியோடு, மூன்று நிமிடம் மேலே போகாமல் நிற்க முடிகிறதா? அவ்வளவுதான். நன்னீரில் போட்ட கணக்கை அப்படியே கடலுக்குக் கொண்டு போகாதீர்கள், உப்புநீரில் மிதப்பு அதிகம்.

படி 5: இரண்டு டைவுக்கு நடுவே

ஈர வெட்சூட்டோடு காற்றில் உட்காராதீர்கள். துவட்டிக்கொண்டு காற்றுப் புகாத மேலாடை ஒன்றைப் போடுங்கள். நடுக்கம் நிற்காவிட்டால் அடுத்த டைவை விட்டுவிடுங்கள். மேலேறும் நேரத்தில் உடம்பு குளிர்ந்திருந்தால் கைகால்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்து, ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதும் தாமதமாகும். பெரும்பாலான டைவ் கம்ப்யூட்டர்களுக்கு நீங்கள் நடுங்குவது தெரியாது.

பிற்சேர்க்கை: ஹூட் போட்டதும் காது வலிக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஹூட் காதை அடைத்துக்கொண்டால், காதுத் துளைக்கும் ஹூட்டுக்கும் நடுவே சிக்கிய காற்று சுருங்கி வலியைத் தரும். மூக்கைப் பிடித்து எவ்வளவு ஊதினாலும் அது தீராது. இறங்கும் முன் காதருகே ஹூட்டை ஒரு விரலால் விலக்கி நீரை உள்ளே விடுங்கள். மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு ஹூட்டின் மேல் ஏறாமல் நேராகத் தோலில் படியவேண்டும், இல்லாவிட்டால் டைவ் முழுக்க நீர் கசியும்.

இன்னொன்று, ஃப்ளீஸ் உடையைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கி ஊற்ற வேண்டாம். நன்னீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில் போடுங்கள்.