நிலக்கடலையில் பூஞ்சண நஞ்சு: வயல் முதல் கடை வரை நடக்கும் தவறுகள்

பச்சையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தால்தான் கடலை கெட்டது என்று நினைப்பதே முதல் தவறு. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. 1960-இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளுக்கு மேல் செத்துப்போயின. தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு பிடிபட்டது. மனிதருக்கு இது கல்லீரல் புற்றுநோயைத் தரும்.

பூஞ்சை மண்ணிலேயே இருக்கிறது. அறுவடைக்கு முந்தைய மாதம் மழையில்லாமல் மண் சூடேறினால், செடியில் இருக்கும்போதே காய்க்குள் நுழைந்துவிடும். அப்போது ஒரு தண்ணீர் பாய்ச்ச வழியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மண்வெட்டி பட்ட காயையும் பூச்சி துளைத்த காயையும் நல்ல காயோடு சேர்க்காதீர்கள்.

பிடுங்கிய செடியை ஈரத்தோடு போர் போடுவது அடுத்த தவறு. உள்ளே புழுங்கும், பூஞ்சைக்கு அதுதான் வேண்டும். காய்ப் பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்துக் காயவிட்டு, ஆய்ந்த காயைத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்புங்கள். பருப்பில் ஈரம் 7 சதவீதத்துக்கு மேல் நிற்கக்கூடாது. கருவி இல்லையா? காயைக் குலுக்கினால் பருப்பு கலகலக்க வேண்டும், பருப்பை விரலால் தேய்த்தால் சிவப்புத் தோல் கழன்று வர வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுக் காயவைத்ததை ஒரு குடம் தண்ணீர் கெடுத்துவிடுகிறது. பருப்பு உடையாமல் வரட்டும் என்று காயை நனைத்து ஓடு உடைப்பார்கள். எடை கூடட்டும் என்று தெளிப்பவர்களும் உண்டு. நனைந்த பருப்பைக் கோணியில் கட்டி அடுக்கினால் சில நாட்களிலேயே பூஞ்சை பிடிக்கும். என்னைக் கேட்டால், விதைக்கோ விற்பனைக்கோ, இந்தப் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். மூட்டைகளை வெறுந்தரையில் வைக்காமல், சுவரில் சாய்க்காமல், பலகை மேல் அடுக்குங்கள்.

அப்புறம், பொறுக்கி ஒதுக்கிய சொத்தை எங்கே போகிறது? செக்குக்கோ, மிட்டாய்க்கோ போனால் பொறுக்கியதற்குப் பலனே இல்லை. வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. எண்ணெய் ஆட்டினால் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், சுத்திகரிக்காத செக்கெண்ணெயிலும் கொஞ்சம் வரும். அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அது வேறு வடிவத்தில் இறங்கி, வீட்டுக் குழந்தையின் டம்ளருக்கே வந்துவிடும். அப்படியே சாப்பிடும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். ஒரு மூட்டையில் சில சொத்தைப் பருப்பு இருந்தாலே அதைத் தாண்டிவிடலாம். வாயில் போட்ட கடலை கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.