கோர்ஸ் போட்டதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது

மதுரையில் ஜிம் நடத்துகிறேன். என் ஜிம்மில் தசை ஏற்றும் ஸ்டீராய்டு ஊசி கிடையாது. ஆனால் வெளியே அந்த ஊசி, மாத்திரையைப் பல வாரம் எடுத்து, அதாவது கோர்ஸ் போட்டுவிட்டு, உடம்புக்கு ஏதாவது ஆனதும் "மாஸ்டர், வீட்டுக்குத் தெரியக் கூடாது" என்று வந்து நிற்கும் தம்பிகள் உண்டு. டாக்டரிடம் நானே கூட்டிப் போவேன். உள்ளே போனதும் "புரோட்டீன் பவுடர் மட்டும்தான் சார்" என்பார்கள். கண் மஞ்சளாக இருக்கும்போதும் அதைத்தான் சொல்வார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் பயம் போலீஸ். டெஸ்டோஸ்டிரோன், நான்ட்ரலோன், ஸ்டானோசலால் போன்ற இந்த ஸ்டீராய்டுகள் எல்லாம் ஷெட்யூல் எச், அதாவது டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய மருந்துகள். சீட்டு இல்லாமல் விற்றால் குற்றம் விற்றவர் மேல். போதைப்பொருள் சட்டத்தில் இவை வராது. நீங்கள் போட்டுக்கொண்டதை டாக்டர் போலீஸில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளில் 7.14 என்று ஒரு விதி இருக்கிறது. வைத்தியத்தின்போது தெரிந்துகொண்ட ரகசியத்தை டாக்டர் வெளியே விடக் கூடாது என்கிறது அது. நீதிபதி உத்தரவிட்டால் சொல்லலாம். இன்னொருவருக்கோ ஊருக்கோ பெரிய ஆபத்து இருந்தாலோ, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோயாக இருந்தாலோ சொல்லலாம். மீறுகிற டாக்டர் மேல் மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுக்க முடியும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மயங்கிய நிலையில் கேஷுவாலிட்டிக்குத் தூக்கி வந்து, மருந்து அதிகமாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் எம்.எல்.சி. (மெடிகோ-லீகல் கேஸ்) என்று பதிவு போடுவார்கள், போலீஸுக்குத் தகவல் போகும். எந்த மருந்தானாலும் இதுதான் நடைமுறை. நடந்து போகிற நிலையில் இருக்கும்போதே போய்விடுங்கள்.

நான் பார்த்தவரை ரகசியம் வெளியே போவது டாக்டர் வாயால் அல்ல, ஓ.பி. அறையால். அம்மா ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், அடுத்த டோக்கன்காரர் கதவுக்குள் பாதி. அங்கே எவனுக்கு வாய் வரும்? அதனால் தனியாகப் போங்கள். அம்மா வந்தே தீருவேன் என்றால், உட்கார்ந்ததும் "டாக்டர், ரெண்டு நிமிஷம் தனியாகப் பேசணும்" என்று சொல்லுங்கள். ஆண் பிள்ளை இப்படிக் கேட்டால் பெரும்பாலான டாக்டர்களுக்குப் புரிந்துவிடும். அதுவும் முடியாவிட்டால் ஒரு சீட்டில் எழுதி ரிப்போர்ட்டோடு சேர்த்து நீட்டுங்கள். அப்பாவோடு தினமும் டீ குடிக்கிற குடும்ப டாக்டர் என்றால் தயங்காமல் வேறு டாக்டரைப் பாருங்கள். லேபில் உங்கள் நம்பரைக் கொடுங்கள், வீட்டு நம்பர் வேண்டாம். ரிப்போர்ட்டை நீங்களே வாங்குங்கள்.

சீட்டில் என்ன எழுத வேண்டும்? மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், வாரத்துக்கு எத்தனை ஊசி, எத்தனை வாரம், கடைசியாக எப்போது. காலி மருந்துக் குப்பியையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் போட்டோ காட்டுங்கள். லேபிளில் இருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று உறுதி இல்லை. அதையும் டாக்டர் கணக்கில் எடுத்துக்கொள்வார். கூடவே போட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள்: கொழுப்பு கரைய என்று போடும் கிளென்பூட்டரால், தைராய்டு மாத்திரை, இன்சுலின், நீர் பிரிய லேசிக்ஸ், பிரஷரை ஏற்றும் மெஃபன்டெர்மின் ஊசி. ஊசியை யாரோடாவது பகிர்ந்திருந்தால் அதுவும் வேண்டும், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை எடுக்க வேண்டியிருக்கும். விற்றவர் பெயர் தேவையில்லை.

"உடம்பு ஏற" என்று யாராவது கொடுத்தது டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் வகையாக இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். ஜிம் ஊசியையும் இவற்றையும் நாம் ஸ்டீராய்டு என்றுதான் சொல்கிறோம், ஆனால் இவை வேறு மருந்து. பல வாரம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்கிற விதத்தில்தான் குறைக்க வேண்டும்.

மறைத்தால் என்ன ஆகும்? கனமாகப் பயிற்சி செய்கிறவனுக்கு, கல்லீரல் டெஸ்டில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் தசையினாலேயே ஏறும். ஸ்டீராய்டு மாத்திரையால் கல்லீரல் கெட்டாலும் ஏறும். எது என்று பிரிக்க, தசையைக் காட்டும் சி.கே., கல்லீரலைக் காட்டும் ஜி.ஜி.டி. ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்க வேண்டும். அதற்கு நீங்கள் வாய் திறந்தால்தான் உண்டு. ஹீமோகுளோபின் ஏறி ரத்தம் கெட்டியாவதும், நல்ல கொழுப்பு தரைமட்டத்துக்கு இறங்குவதும் காரணம் தெரியாமல் வேறு திசையில் தேட வைக்கும்.

இதைவிட எனக்கு நெஞ்சு வலிப்பது குழந்தை விஷயத்தில். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் விந்தணு உருவாகத் தேவையான எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களை மூளை அனுப்புவதை நிறுத்திவிடும், விந்தணு பூஜ்யம் வரை இறங்கும். கணவன் வாய் மூடி இருப்பான். மனைவிக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன், மாமியார் பேச்சு வேறு. டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கிறதே என்று யாராவது அதையே ஊசியாக எழுதிக் கொடுத்துவிட்டால் விந்தணு இன்னும் இறங்கும். கோர்ஸை நிறுத்தியபின் பலருக்கும் திரும்பி வருகிறது, ஆனால் மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அந்தப் பெண்ணுக்கு இது தெரிய வேண்டும். உங்கள் அனுமதி இல்லாமல் டாக்டர் அவரிடம் சொல்லக் கூடாது. அதனால் சொல்ல வேண்டியது நீங்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.

அப்புறம், யாருடைய டாக்டர் என்று பாருங்கள். உங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர் வேறு. கம்பெனி மெடிக்கல், வேலைக்கான உடல் தகுதிச் சோதனை செய்பவர் வேறு. அவர் ரிப்போர்ட் எழுதுவதே உங்களை அனுப்பியவருக்காக. இன்ஷூரன்ஸிலும் கவனம்: கிளெய்ம் போட்டால் கேஸ் ஷீட் கம்பெனிக்குப் போகும், போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைக்குப் பணம் தர மாட்டோம் என்ற விலக்கு பாலிசிகளில் இருக்கிறது. அதற்காக மறைக்கச் சொல்லவில்லை. என்ன எழுதுகிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று டாக்டரிடமே கேளுங்கள். உங்கள் ரெக்கார்டை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே 2002 விதிகளில் இருக்கிறது.

நாடா (தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை) சோதனைக்கு உட்பட்ட வீரர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். கோர்ஸுக்குப் பிறகு உடம்பைச் சரிசெய்யக் கொடுக்கும் குளோமிஃபீன், டாமாக்சிஃபென், ஆண்களுக்கு எச்.சி.ஜி. எல்லாமே தடைப்பட்டியலில் இருப்பவை. 18 வயது ஆகாதவருக்கு டாக்டர் பெற்றோரை அழைப்பார். அழைக்கட்டும்.

டாக்டர் திட்டினால்? சிலர் திட்டுவார்கள். எதிர்த்துப் பேச வேண்டாம். "சரி சார், இப்போ என்ன டெஸ்ட் எடுக்கணும்?" என்று கேளுங்கள். கேட்கவே மறுத்தால் வேறு டாக்டர். பொது மருத்துவரோ ஹார்மோன் டாக்டரோ போதும், பெரியாஸ்பத்திரி ஓ.பி.யிலும் பார்க்கலாம். ஹார்மோன் ரத்தம் காலையில், வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, ஊசி போட்ட இடம் சிவந்து காய்ச்சல், செத்துவிடலாம் என்ற எண்ணம் என்று எது வந்தாலும் தனி அறைக்காகக் காத்திருக்காதீர்கள். கேஷுவாலிட்டியில் முதலில் நிற்கிற நர்ஸம்மாவிடமே சொல்லிவிடுங்கள், யார் கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி.