காந்தப் புயல் நாளில் துகள் வரைபடத்தைப் படிக்கும் முறை

மதுரை புவிகாந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், 2003 அக்டோபருக்குப் பிறகு முதல்முறையாகக் காந்தப் புயல் அளவுகோலின் உச்ச நிலையான ஜி5-ஐத் தொட்ட 2024 மே 10, 11 காந்தப் புயலின்போதும் (சூரியக் காற்றால் புவியின் காந்தப்புலம் குலைவதே காந்தப் புயல்) நம் வானில் துருவ ஒளி தெரியவில்லை. ஆனால் அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் எண்ணும் துகள்களின் வரைபடம் இணையத்தில் எவரும் காணக் கிடைப்பதால், புயலை வீட்டிலிருந்தே பின்தொடரலாம்.

முதலில் வரைபடத்தின் உலகப் பொது நேரத்துடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். செங்குத்து அச்சு மடக்கை அளவில் இருப்பதால், ஒரு படி ஏறினால் எண்ணிக்கை பத்து மடங்காகும்.

பிறகு புரோட்டான் கோட்டைப் பாருங்கள். சிலிக்கான் தகட்டில் துகள் இழக்கும் ஆற்றல் மின்துடிப்பாகப் பதிவாகிறது. 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றல் அளவு) ஆற்றலுக்கு மேற்பட்ட புரோட்டான்கள் 10 அலகைத் (ஓர் அலகு என்பது சதுர சென்டிமீட்டருக்கு, வினாடிக்கு, ஓர் அலகு திண்மக் கோணத்துக்கு ஒரு துகள்) தாண்டினால் அது எஸ்1 எனும் தொடக்க நிலைக் கதிர்வீச்சுப் புயல். இது காந்தப் புயலிலிருந்து வேறானது. ஒன்று வந்தால் மற்றொன்றும் வந்தே தீரும் என்று கொள்ள வேண்டாம்.

எலக்ட்ரான் கோட்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். புயல் உச்சத்தில் அது ஏறும் என்று காத்திருக்கையில், பெரும்பாலும் சட்டென்று சரிந்துவிடுகிறது. கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணாதீர்கள்: சூரியக் காற்று புவியின் காந்தப் போர்வையை அழுத்துவதால் எலக்ட்ரான்கள் வெளியே தப்புகின்றன, புவியைச் சுற்றி விண்வெளியில் ஓடும் வளைய மின்னோட்டம் புவியின் காந்தப்புலத்தைக் குறைப்பதால் எஞ்சியவையும் வெளிப்புறம் நகர்ந்து ஆற்றல் இழக்கின்றன. புயல் தணியும் நாட்களில் அதே கோடு சில வேளைகளில் பழைய அளவையும் மிஞ்சி எழும். 2 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்டவை 1,000 அலகைத் தாண்டினால் எச்சரிக்கை விடுவார்கள். அவை செயற்கைக்கோளின் உட்பகுதியில் மின்னூட்டத்தைச் சேர்த்துச் சுற்றுகளைக் கெடுக்கக்கூடியவை. ஆகவே புயல் ஓய்ந்ததும் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்; என் அனுபவத்தில் அதற்குப் பிந்தைய மூன்று நாட்களே மிகுதியாகக் கற்றுத்தருபவை.

அமைதியான நாளிலும் இக்கோடு அலைபோல் ஏறி இறங்கும். மேற்குத் தீர்க்கரேகை 75 பாகையருகே நிற்கும் கோஸ் செயற்கைக்கோளுக்கு நண்பகல் என்பது மதுரையில் இரவு பத்தரை. கோடு ஏறக்குறைய அப்போது உயர்ந்து, நம் காலை பத்தரையை ஒட்டித் தாழும். இந்தத் தாழ்வைப் புயலின் சரிவோடு குழப்பிக்கொள்ளாமலிருக்க, முந்தைய இரண்டு நாட்களின் அதே மணிநேர அளவுகளைக் குறிப்பேட்டில் பக்கத்திலேயே எழுதி ஒப்பிடுகிறேன்.

கடும் புரோட்டான் பொழிவின்போது, எலக்ட்ரான் கருவியிலும் புரோட்டான்கள் புகுந்து பொய்யான எண்ணிக்கையைக் காட்டலாம். அந்த மணிநேரங்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.