என்3 நெடுஞ்சாலையில் மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்றும் முறை

தென்னாப்பிரிக்காவின் என்3 நெடுஞ்சாலையில் ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு மின்சாரக் காரில் இறங்கி வருவது எளிது. கணக்குப் பார்க்க வேண்டியது திரும்பி ஏறும்போதுதான். கடல்மட்டத்திலுள்ள டர்பனிலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலான உயரத்திலுள்ள ஜொகன்னஸ்பர்க்குக்கு இரண்டு டன் எடையுள்ள காரைத் தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரம் செலவாகும். ஓட்டத்துக்கான செலவு தனி. ஆகவே, வரும்போது மிச்சமிருந்த சதவீதத்தை வைத்துக்கொண்டு திரும்பும் பயணத்தை மதிப்பிடக் கூடாது.

இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஹில்டன், மூய் ரிவர், வான் ரீனன் கணவாய் என முதல் பாதியிலேயே வந்துவிடுகிறது. கணவாயைத் தாண்டியதும் வரும் ஹாரிஸ்மித் ஊர் டர்பனிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். எனவே தங்கியிருக்கும் வீட்டிலேயே இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, பேட்டரியை நிரப்பிக்கொண்டு புறப்படுவது நல்லது. சிறிய பேட்டரி உள்ள காராக இருந்தால், கணவாய்க்கு முன்பே ஓரிடத்தில் நிறுத்திக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

சார்ஜர் எங்கே இருக்கிறது என்பதை பிளக்‌ஷேர் செயலியில் பார்க்கலாம். வரைபடத்தில் புள்ளி இருப்பதால் மட்டும் அந்த இயந்திரம் வேலை செய்கிறது என்று நம்பிவிடாமல், கடைசியாக யார், எந்தத் தேதியில் அங்கே வெற்றிகரமாகச் சார்ஜ் ஏற்றினார்கள் என்ற பதிவைப் படிக்க வேண்டும். நாட்டில் பரவலாக உள்ள கிரிட்கார்ஸ் நிறுவனத்தின் சார்ஜ் நிலையங்களுக்கு, பயணத்துக்கு முன்பே கணக்குத் திறந்து, பணம் செலுத்தும் வழியையும் பதிவு செய்துகொள்ளுங்கள்; நெட்வொர்க் சரியாகக் கிடைக்காத இடத்தில் குழந்தைகளைக் காரில் வைத்துக்கொண்டு செய்யும் வேலை அல்ல அது. மின்வெட்டுக் காலமாக இருந்தால் எஸ்காம்சீபுஷ் செயலியில் சார்ஜர் இருக்கும் ஊரின் மின்வெட்டு அட்டவணையையும் பாருங்கள், ஏனெனில் எல்லா நிலையங்களிலும் மாற்று மின்சாரம் இருப்பதில்லை.

நெடுஞ்சாலையில் உதவுவது, பேட்டரிக்கு நேரடியாக மின்சாரம் ஏற்றும் டிசி (நேர்மின்னோட்ட) விரைவுச் சார்ஜர்தான். புதிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு சிசிஎஸ்2 பிளக் பொருந்தும். பழைய நிசான் லீஃப் போன்ற சில கார்களுக்கு சாடெமோ என்ற வேறு வகைப் பிளக் தேவை. வணிக வளாகங்களிலுள்ள ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜரில் 22 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் காரின் உள்சார்ஜர் 7 அல்லது 11 கிலோவாட்தான் வாங்கும் என்றால் அதற்கு மேல் ஏறாது. பல ஏசி சார்ஜர்களில் கேபிள் இருக்காது, வெறும் துளை மட்டுமே இருக்கும். ஆகவே அதில் செருகும் டைப் 2 கேபிளைக் காரின் பின்பெட்டியில் வைத்திருங்கள்.

முதலில் பிளக்கை அழுத்திச் செருகி, பிறகு கார்டையோ செயலியையோ பயன்படுத்தித் தொடங்குங்கள். திரையில் கிலோவாட் எண் உயர்வதைப் பார்த்த பிறகே தேநீர் குடிக்கப் போகலாம். தொடங்கிய சில நொடிகளில் நின்றுவிடும் சார்ஜர்களும் உண்டு. 80 சதவீதத்துக்கு மேல் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், அடுத்த நிலையம் எட்டும் தூரத்தில் இருந்தால் அத்துடன் புறப்படலாம். ஈஸ்டர் வார இறுதியில் டர்பன் அருகிலுள்ள இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்து திரும்புவோர் பலர். அந்த நாட்களில் பின்னால் ஒருவர் காத்திருக்க, நூறு சதவீதம் வரை பிடித்துவைத்திருப்பது முறையல்ல.

முடிக்கும்போது செயலியிலேயே நிறுத்தி, காரின் பூட்டைத் திறந்த பின் பிளக்கை எடுங்கள். பிளக் வரவில்லையென்றால் இழுக்காமல், காரை ஒருமுறை பூட்டித் திறந்து பாருங்கள். சிவப்பு அவசரப் பொத்தான் ஆபத்துக்கு மட்டுமே. அப்படியும் இயந்திரம் மசியவில்லையென்றால், அதில் ஒட்டியிருக்கும் உதவி எண்ணை அழைத்துச் சார்ஜரின் அடையாள எண்ணைச் சொல்லுங்கள். பல கோளாறுகளைத் தொலைவிலிருந்தே சரிசெய்துவிடுவார்கள்.