விறகு ஸ்டவ்வுக்கு அடியில போட எந்தக் கல்லு சீப்பு? (இங்கிலாந்து வீடுகளுக்கு)

இங்கிலாந்துல ஹால்ல விறகு ஸ்டவ் வைக்க நினைக்கிறவங்க நேரா கல்லு கடைக்குத்தான் போறாங்க. அதுக்கு முன்னாடி ஸ்டவ்வோட மேனுவலை எடுத்துப் பாருங்க, ஹார்த்துக்கு, அதாவது ஸ்டவ்வுக்கு அடியில போடுற தீப்பிடிக்காத மேடைக்கு, எவ்வளவு செலவாகும்ங்கறது அங்கதான் முடிவாகுது.

தேட வேண்டியது ஒரே விஷயம், ஸ்டவ் எரியும்போது கீழ இருக்குற ஹார்த் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி சூடாகுமா ஆகாதான்னு. ஆகாதுன்னு டெஸ்ட் பண்ணி எழுதியிருந்தா 12 மி.மீ. தடிமன்ல தீப்பிடிக்காத எதைப் போட்டாலும் போதும். ஆகும்னா 125 மி.மீ. கெட்டியான ஹார்த் வேணும், இது அங்க கட்டட விதிகள்ல டாக்குமெண்ட் ஜே-ல இருக்கு. தனியா நிக்குற ஸ்டவ்வுக்கு குறைஞ்சது 840க்கு 840 மி.மீ., அதை 125 மி.மீ. காங்கிரீட்டா போட்டா வெயிட்டே 200 கிலோ தாண்டிடும், மரத்தரை வீடா இருந்தா தரையைப் பிரிச்சு கீழ முட்டு குடுக்கணும், கல்லு விலையை விட அந்த வேலைக்குத்தான் காசு போகும். அதனால ஸ்டவ் இன்னும் வாங்கலன்னா 12 மி.மீ. போதும்ங்கற மாடலா பாத்து வாங்கிடுங்க.

அளவு எடுக்கும்போது ஸ்டவ்வுக்கு முன்னாடி 225 மி.மீ., கதவைத் திறந்து வச்சு எரிக்கிற மாடல்னா 300, பக்கவாட்டுல 150 ஹார்த் வெளிய நீட்டியிருக்கணும். கார்பெட் மேல ஏறி வராம ஹார்த் தனியா தெரியணும், அதனால கொஞ்சம் உயர்த்தி வைக்கிறது வழக்கம்.

இப்ப கல்லுக்கு வருவோம். என் ஓட்டு சிலேட்டுக்குத்தான். சூடு நல்லா தாங்கும், கறுப்பா இருக்கறதால கரிக் கறை தெரியாது, எண்ணெய் தடவுனா புதுசு மாதிரி ஆயிடும். வேல்ஸ் சிலேட் விலை ஜாஸ்தி, பழைய கட்டட சாமான் விக்கிற யார்டுல தேடுனா உடைச்ச ஸ்னூக்கர் டேபிளோட சிலேட் கூட கிடைக்கும், நல்ல தடிமனான பலகை, ஆனா தூக்க ஆள் வேணும்.

அடுத்தது கிரானைட். கிச்சன் மேடை வெட்டுற பட்டறைல மிச்சத் துண்டு இருக்கான்னு கேளுங்க, பெரிய துண்டா இருந்தாலும் மலிவா தள்ளிவிடுவாங்க, அதுல பாதி நம்ம ஊர்ப்பக்கத்து கருங்கல்லா கூட இருக்கலாம், கறுப்பு கிரானைட் தென்னிந்தியாவுல இருந்து நிறைய போகுது. ஒரே பலகையா போட்டா ஸ்டவ்வுக்கு நேர் கீழ மட்டும் சூடாகி ஓரம் குளிர்ச்சியா இருந்து விரிசல் விடலாம், அதனால துண்டா வெட்டி சேத்துப் போடச் சொல்லுங்க. அதே பட்டறைல குவார்ட்ஸ்னு ஒண்ணு காட்டுவாங்க, அது கல்தூளை ரெசின்ல ஒட்டுன பலகை, சூட்டுக்கு நிறம் மாறும், விரிசல் விடும், எவ்வளவு சீப்பா குடுத்தாலும் வேண்டாம்.

ரொம்ப கம்மி பட்ஜெட்னா போர்சலின் டைல்ஸ் இல்லன்னா குவாரி டைல்ஸ் (பளபளப்புப் பூச்சு இல்லாத சுட்ட களிமண் டைல்ஸ்), அடியில சிமெண்ட் போர்டு. பிளைவுட் மேலயே டைல்ஸ் ஒட்டிட்டு 12 மி.மீ. ஆச்சுன்னு கணக்கு காட்டாதீங்க, பிளைவுட் எரியுற பொருள், அந்த 12-ல அது சேராது. தோட்டத்துல போடுற காங்கிரீட் ஸ்லாப்பும் ஓகே, உள்ள ஈரம் இருந்தா சூட்டுல பொருக்கு கிளம்பும், வீட்டுக்குள்ள வச்சு நல்லா காய விட்டுட்டு போடுங்க. மார்பிள், லைம்ஸ்டோன் ரெண்டும் கறை பிடிக்கும், விட்டுடலாம்.

ஒட்டும்போது சூடு தாங்குற பசைதான், அதுவும் நாலு மூலைல உருண்டை வைக்காம கல்லுக்கு அடி முழுக்க பரப்பணும், காலி இடம் இருக்குற எடத்துலதான் முதல்ல உடையும். சுவரை ஒட்டி மட்டும் சின்ன இடைவெளி விட்டு சூடு தாங்குற சிலிக்கான் அடைச்சுடுங்க. பசை டப்பால போட்டிருக்குற நாள் முழுக்க காய விட்டு, அப்புறம் முதல் ரெண்டு மூணு தடவை சின்னதா மட்டும் எரிங்க.